பத்து நாள் மலேசியா, சிங்கப்பூர் 'கலாச்சாரப் பரிமாற்றம்', 1,15,000 ரூபாய்: போகலாமா?

மேலூர்_மாணவி (செவ்வாய், இரவு 9.12)

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரிப் பெயர் இங்கே வேண்டாம். போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மே விடுமுறையில் பத்து நாள் மலேசியா, சிங்கப்பூர். 'சர்வதேசக் கல்வி மற்றும் கலாச்சாரப் பரிமாற்றப் பயணம்' என்று தலைப்பு. தலைக்கு 1,15,000 ரூபாய், பாஸ்போர்ட் செலவு தனி. முன்பணம் 25,000 இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். முடிந்ததும் சான்றிதழ் உண்டாம்.

அப்பாவுக்கு மேலூரில் மளிகைக் கடை. "படிப்புக்கு உதவும் என்றால் நகையை வைத்தாவது அனுப்புகிறேன்" என்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கும்போது இது எடுபடும் என்று மேடம் சொல்கிறார். நிஜமா? இந்த மாதிரிப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மேலமாசி_வீதி (செவ்வாய், இரவு 9.40)

பாப்பா, நகையில் கை வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். என் அண்ணன் மகன் வேறொரு கல்லூரியில் இருந்து இதே மாதிரி துபாய் போனான். ஒரு பல்கலைக்கழக வாசலில் பேனர் பிடித்து போட்டோ, அப்புறம் மால், பாலைவன சஃபாரி, திரும்பி வந்தாச்சு. கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது 'எங்கள் மாணவர்கள் வெளிநாடு போனார்கள்' என்று கோப்பில் காட்ட ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான செலவை அவன் அப்பனிடமே வாங்கிக்கொள்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான்.

பழங்காநத்தம்_பாலா (செவ்வாய், இரவு 10.25)

மேலமாசி அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆனால் குறுகிய காலத்துக்கு வெளியே போவதே ஏமாற்று வேலை என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடக் கூடாது. இன்ஜினியரிங் படிக்கும்போது ஒரு கோடை முழுக்க ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்தில் இருந்தேன். வீட்டில் இருந்து போனது பாஸ்போர்ட், விசா, குளிர் ஜாக்கெட் செலவு மட்டும்தான். மாதாமாதம் உதவித்தொகை வந்தது.

அங்கே நான் படித்த பாடத்தைவிட மனதில் நிற்பது, என்னை அந்த லேப் நடத்திய விதம். முதல் நாளே ஒரு சாவியைக் கொடுத்து, "இது உன் மேசை, வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்தில் பேசு" என்றார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு முதுகலை மாணவி, "இந்த எண் எப்படி வந்தது?" என்று நிறுத்தினாள். அவமானமாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் அதே பெண் மென்சாவுக்கு, அதாவது மாணவர் உணவகத்துக்கு, சாப்பிடக் கூப்பிட்டாள். பேராசிரியரிடம் அவள் அதே மாதிரி கேட்பதை அடுத்த வாரம் பார்த்தேன். நம் ஊரில் வைவாவில் கூட அப்படி யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடிக் கிடக்கும் என்று தெரியாமல் பிஸ்கட்டோடு நாளை ஓட்டியது, காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து 25 சென்ட் வாங்கியது எல்லாம் தனிக் கதை.

ஆகவே எந்த நாடு, எத்தனை நாள் என்று பார்க்காதே. அங்கே உன் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று கேள். உன் வகுப்புத் தோழிகளே என்றால் அது டூர். அந்த ஊர் மாணவர்கள் என்றால் பத்து நாளுக்கும் மதிப்பு உண்டு.

சிம்மக்கல்_சிவா (செவ்வாய், இரவு 10.50)

நான் ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவன். என் வழியில் ஒரு குறுக்குச் சோதனை சொல்கிறேன். முன்பணம் யார் பெயருக்குப் போகிறது, ரசீதில் என்ன எழுதப் போகிறார்கள் என்று கேளுங்கள். 'ஓவர்சீஸ் டூர் பேக்கேஜ்' என்று பில் போட்டால் தொகை சிறிதோ பெரிதோ டிசிஎஸ் என்ற வரியை விற்பவர் முன்கூட்டியே பிடித்தாக வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணமாக நேராக அனுப்பும் பணத்துக்கு ஆண்டுக்கு 10 லட்சம் வரை அந்தப் பிடித்தம் இல்லை. சுற்றறிக்கையில் 'கல்வி', பில்லில் 'டூர்' என்றால் எது உண்மை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிடித்த தொகை பான் எண்ணில் ஏறும், ரிட்டர்ன் போட்டு வாங்கிவிடலாம். ஆனால் பிடித்ததற்கான சான்று அப்பாவிடம் வரவேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

தல்லாகுளம்_டீச்சர் (புதன், காலை 6.35)

கல்லூரியில் வெளிநாட்டுத் தொடர்புப் பணியையும் சேர்த்துப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இவை எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் பெற்றோர் குழம்புகிறார்கள். உண்மையான பருவ (செமஸ்டர்) பரிமாற்றத்தில் இரண்டு கல்லூரிக்கும் ஒப்பந்தம் இருக்கும். இங்கே கட்டும் கட்டணத்தைத்தான் கட்டுவீர்கள், அங்கே கட்டணம் கிடையாது. எந்தப் பாடம் அங்கே, அதற்கு ஈடாக இங்கே எந்தப் பாடம் கழியும் என்பதைப் போகும் முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும். பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற புள்ளியில் கணக்கிடுவார்கள், ஐரோப்பாவில் ஒரு பருவம் 30 கிரெடிட். நம் கிரெடிட் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒன்றல்ல. அந்தக் கையெழுத்து இல்லாமல் போன பிள்ளைகள் திரும்பி வந்து ஒரு பருவப் பாடத்தை மொத்தமாக எழுத வேண்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இந்தப் பருவப் பரிமாற்ற வகை உண்டு. மாணவர் தனியாக விண்ணப்பிக்க முடியாது, அவர் படிக்கும் கல்லூரிக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தோடு அந்தத் திட்டத்தின் கீழ் ஒப்பந்தம் இருக்க வேண்டும். இருந்தால் உதவித்தொகை, பயணச் செலவு இரண்டும் கிடைக்கும். பலர் இதை எராஸ்மஸ் முண்டுஸோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது முதுகலைப் படிப்புக்கு, விண்ணப்பமும் மாணவரே போடுவது.

அடுத்தது ஆய்வகப் பயிற்சி. பாலா போனது இந்த வகை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் வைஸ், கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் இரண்டும் இளநிலை மாணவர்களுக்கானவை. கனடா 12 வாரம். வைஸுக்கு ஒரு பேராசிரியரின் அழைப்பை நீங்களே வாங்க வேண்டும், அதோடு உங்கள் கல்லூரி அவர்கள் ஏற்கும் பட்டியலில் இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் கோடைக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டே முடிந்துவிடும். மார்ச்சில் விழித்துக்கொண்டால் ஒன்றும் நடக்காது.

மேலூர் மாணவிக்கு வந்திருப்பது மூன்றாவது வகை, காசு கட்டிக் கூட்டமாகப் போகும் பயணம், போலத் தெரிகிறது. அதிலும் நல்லது உண்டு. துறைத்தலைவரிடம் நாள்வாரி நிகழ்ச்சி நிரல் கேளம்மா. எந்த நாள் எந்தத் துறையில், யார் வகுப்பு எடுக்கிறார், அந்தப் பல்கலைக்கழகத்தின் அழைப்புக் கடிதம் எங்கே, சான்றிதழில் கையெழுத்து யாருடையது, உடன் வரும் ஆசிரியைகள் எத்தனை பேர், அவர்கள் செலவை யார் ஏற்கிறார்கள். கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் பணிவாகக் கேள். அது பல நேரம் உங்கள் 1,15,000-க்குள்தான் ஒளிந்திருக்கும்.

மேலமாசி_வீதி (புதன், காலை 8.10)

டீச்சர், எல்லாம் சரி. ஆனால் பட்டியலில் இருக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்குத்தான் இலவசம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்தில் இருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள் காசு கட்டி டூர் போக வேண்டியதுதானா? வசதி உள்ளவனுக்கு உதவித்தொகை, இல்லாதவனுக்கு இஎம்ஐ.

உசிலை_இன்ஜினியர் (புதன், மதியம் 1.20)

மேலமாசி சார், நான் அந்த உசிலம்பட்டி பஸ்ஸில் வந்தவன்தான். சக்குரா சயின்ஸ் திட்டத்தில் ஜப்பான் போனேன். ஜப்பானின் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014-இல் தொடங்கியது. மாணவர் விண்ணப்பிக்க வழியில்லை. அங்கே உள்ள பல்கலைக்கழகம் இங்கே உள்ள துறையை அழைக்க வேண்டும். எங்கள் துறையில் ஒரு சார் முனைவர் பட்டத்துக்கு அங்கே படித்தவர், அவருடைய பழைய பேராசிரியர் அழைத்தார். அப்படித்தான் கதவு திறந்தது. அதனால் மாணவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'நம் டிபார்ட்மென்டில் வெளிநாட்டில் ஆய்வு செய்த ஆசிரியர் யார்?' என்பதுதான். அவரிடம் போய்க் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷப்படுவார். யாரும் கேட்பதில்லை.

ஒரு வாரத்தில் வாழ்க்கை மாறிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். லேப் பார்த்தோம், போஸ்டர் வைத்துப் பேசினோம், அங்கே உள்ள மாணவர்களோடு ஒரு சின்னச் சோதனை செய்தோம். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவர்களுக்கு ஆங்கிலம் தயக்கம். வெள்ளைப் பலகையில் படம் போட்டே பாதி நாள் ஓடியது. ஆனால் அந்தப் பேராசிரியரோடு மெயில் தொடர்பு நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டேன். முதுகலைக்கு விண்ணப்பித்தபோது அது உதவியது. சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

தல்லாகுளம்_டீச்சர் (புதன், மாலை 4.45)

உசிலை தம்பி சொல்வது முக்கியம். மேலமாசி அண்ணாச்சிக்கு ஒரு பதில்: அரசு வழியும் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் தேர்வான மாணவர்கள் 2024-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் குறுகிய காலப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். இடங்கள் மிகக் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நான் முதல்வன் பாடத்தை எங்கள் பிள்ளைகள் 'கட்டாயத்துக்கு உட்காருகிறோம்' என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே கடத்துவதையும் பார்க்கிறேன்.

கூத்தியார்குண்டு_கார்த்தி (புதன், இரவு 8.30)

டூர் என்றால் என்ன குறைச்சல்? எங்கள் வீட்டில் யாரும் விமானம் ஏறியது கிடையாது. நான் கல்லூரியோடு சிங்கப்பூர் போனேன், படிப்பு ஒன்றும் இல்லை, நிஜம். ஆனால் இமிக்ரேஷன் வரிசை, கார்டு போட்டு ரயில் ஏறுவது, தெரியாத ஆளிடம் இங்கிலீஷில் வழி கேட்பது எல்லாம் பயம் விட்டுப்போனது. அடுத்து வேலைக்குத் தனியாக வெளியே போகும்போது கை நடுங்கவில்லை. கம்பெனி இன்டர்வியூவில் அந்தக் கதையைத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் கிரெடிட் கணக்கில் அளக்காதீர்கள்.

பழங்காநத்தம்_பாலா (புதன், இரவு 8.55)

கார்த்தி, குறையே இல்லை. டூரை டூர் விலைக்கு வாங்கு என்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியாவில் 30 நாள் விசா வேண்டாம், 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் என்ன விலை என்று இன்றைக்கே போனில் பார். சிங்கப்பூருக்கு மட்டும் விசா. நாலு பேர் சேர்ந்து போனால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்துவிட்டு 1,15,000-ஐப் பக்கத்தில் வை. மிச்சம் எதற்கு என்று கல்லூரியிடம் கேட்கலாம்.

அண்ணாநகர்_அத்தை (வியாழன், காலை 11.05)

பிள்ளைகளா, நான் படித்தது பியூசி. வெளிநாடு போனதில்லை. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் இருந்து படித்திருக்கிறார்கள், அதனால் எதிர்ப்பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

மதுரைக்கு இது புதுசு இல்லை. அமெரிக்கன் கல்லூரியைத் தொடங்கியதே அமெரிக்க மதுரை மிஷன்தான், 1881-இல். அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரியில் பட்டம் முடித்த பிள்ளைகள் ஷான்சி என்ற அமைப்பு வழியாக இங்கே அமெரிக்கன் கல்லூரியிலும் லேடி டோக் கல்லூரியிலும் வந்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஒரு கல்வியாண்டு முழுக்க இங்கே தங்கிப் படித்த காலம் உண்டு. 'சீட்டா' என்று சொல்வோம், அமெரிக்கச் சிறு கல்லூரிகள் சேர்ந்து நடத்தியது, அதுவும் மதுரையில்தான் பல வருஷம் ஓடியது. தமிழ் படிக்க வேண்டும் என்றால் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் அனுப்புவது மதுரைக்குத்தான். அந்தப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் இல்லை, வீடுகளில் தங்க வைப்பார்கள். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

முதலில் வந்த பெண் சாயங்காலம் வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். என் மாமியாருக்கு வருத்தம், "நம்ம சாப்பாடு பிடிக்கலையோ, கோபமோ" என்று. அவளுக்கு நாள் முழுக்கத் தமிழிலேயே பேசித் தலை வலித்திருக்கிறது, கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டியிருந்தது. அதை அவளே மாமியாரிடம் தப்புத் தப்பான தமிழில் சொன்ன பிறகு, இருவரும் ராத்திரி ஏழு மணி வரை ஒருவரை ஒருவர் கூப்பிடுவதில்லை என்று ஒப்பந்தம். இன்னொரு பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது. கடலை எண்ணெய், சட்னிக்கு அரைக்கும் கடலை, கோயில் வாசலில் வாங்கும் பொட்டலம் என்று நம் வீட்டில் எங்கெல்லாம் கடலை ஒளிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் கணக்கெடுத்தேன். அவர்கள் படிப்பில் ஒரு பகுதி ஊருக்குள் போய் ஆளிடம் பேசி எழுதுவது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலையில் போய் மல்லிகைக்கு விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு பெண் கேட்டு எழுதினாள். நான் காலம் பூராவும் அங்கே பூ வாங்கியவள், அந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு இங்கே தன் வயசுச் சிநேகம் கிடைப்பது பெரும்பாடு. என்னோடும் மாமியாரோடும் எவ்வளவு நேரம் பேசுவார்கள்? சில திட்டத்தில் உள்ளூர் கல்லூரிப் பிள்ளைகளையே பேச்சுத் துணைக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வார்கள். மேலூர் பிள்ளையே, நீ அப்படி ஒருத்தியோடு ஒரு கோடை சுற்றினால் உன் இங்கிலீஷும் தேறும், காசும் செலவாகாது. அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு எத்தனை நாட்டு ஆட்கள் வருகிறார்கள், காந்திகிராமத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், போய்ப் பாருங்கள். மதுரைப் பிள்ளைகள் இவர்களைத் தெப்பக்குளத்தில் பார்த்தால் செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கூத்தியார்குண்டு_கார்த்தி (வியாழன், மதியம் 12.15)

அத்தை, செல்ஃபி விஷயத்தில் வசமாக மாட்டிவிட்டீர்கள்.

சிம்மக்கல்_சிவா (வியாழன், மதியம் 12.40)

அத்தை சொன்ன பேச்சுத் துணை வேலைக்கு எப்படிப் போவது? என் தங்கை தமிழ் இலக்கியம் படிக்கிறாள்.

அண்ணாநகர்_அத்தை (வியாழன், மதியம் 2.00)

தமிழ்த் துறை ஆசிரியர்களிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள் தம்பி. பெரும்பாலும் அந்த வழியில்தான் ஆள் கேட்பார்கள். பிள்ளைகள் அதிகம் வருவது கோடையில். வாய் ஓயாமல் பேசுகிற பெண்ணாக இருந்தால் போதும், இலக்கணம் சொல்லிக்கொடுக்க அங்கே வாத்தியார் இருக்கிறார்.

மேலூர்_மாணவி (வெள்ளி, இரவு 9.30)

எல்லோருக்கும் நன்றி. இன்று நிகழ்ச்சி நிரல் கேட்டேன். முதலில் "பிறகு தருகிறோம்" என்றார்கள். மூன்று பேராகப் போய்க் கேட்டதும் கொடுத்தார்கள். பத்து நாளில் பல்கலைக்கழகம் இரண்டு அரை நாள். ஒன்று 'வளாகச் சுற்றுப்பார்வை', இன்னொன்று ஒரு மணி நேரச் சொற்பொழிவு. மீதி எல்லாம் பத்து மலை முருகன் கோயில், இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை உல்லாச விடுதி, யுனிவர்சல் ஸ்டுடியோஸ். சான்றிதழ் தருவது டிராவல்ஸ். ரசீதில் என்ன போடுவீர்கள் என்றதற்கு 'டூர் பேக்கேஜ்' என்றுதான் பதில் வந்தது, சிவா அண்ணா சொன்ன மாதிரியே. உடன் வரும் ஆசிரியர்கள் செலவைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். "கெந்திங்குக்கு நகை வைக்க முடியாது" என்று சிரித்துவிட்டார். நான் பெயர் கொடுக்கவில்லை. ஆனால் போகிறவர்கள் போகட்டும், அவர்களுக்காவது ஏதாவது செய்யலாமா?

தல்லாகுளம்_டீச்சர் (சனி, காலை 7.15)

செய்யலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது, தமிழ் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். கெந்திங்கை ஒரு நாள் குறைத்துவிட்டு அவர்களோடு ஒரு முழு நாள் கேட்டு உங்கள் துறை ஒரு கடிதம் எழுதினால் போதும். உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மலேயா போன தாத்தா, பெரியப்பா கதை வீட்டிலேயே இருக்கும். அதை எழுதி எடுத்துக்கொண்டு போனால் பேச்சு தானாக வளரும். பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, கடிதம் இந்த வாரமே போக வேண்டும். துறைத்தலைவர் மறுத்தால் முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள்.

உனக்கு: பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வை. சாதாரண விண்ணப்பத்துக்கு 1,500 ரூபாய். அழைப்பு எப்போது வந்தாலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். எங்கள் கல்லூரியில் இலவச இடம் ஒன்று பாஸ்போர்ட் இல்லாததாலேயே கைமாறிப் போனது.

மேலூர்_மாணவி (சனி, காலை 9.05)

ஹாஸ்டலில் இருக்கிறேன் மேடம். எந்த முகவரி போடுவது? மேலூர் வீடா, ஹாஸ்டலா?

சிம்மக்கல்_சிவா (சனி, காலை 9.20)

ஆதாரில் மேலூர் வீடுதானே? அதையே போடுங்கள், காவல்துறை விசாரணை அங்கே வரும், அப்பா இருப்பார். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டு போங்கள், பிறந்த தேதிக்கும் ஆகும், வேலைக்கு வெளிநாடு போகத் தனி அனுமதி கேட்கும் ஈசிஆர் முத்திரை விழாமல் இருக்கவும் அதுவே ஆதாரம். ஆதாரிலும் சான்றிதழிலும் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதைத் திருத்திவிட்டு அப்புறம் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.